மூதூர் விடுமுறை: எதற்குப் பயப்பட வேண்டும்?

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ சின்னப் பிள்ளைகளுடன் இலங்கையின் மூதூருக்கு வர யோசிக்கும் குடும்பங்களில், டிக்கட் எடுக்க முன்பே வாக்குவாதம் தொடங்கிவிடும். ஒருவர் "அங்க பாதுகாப்பில்ல" என்பார். மற்றவர் "அதுதான் சண்டை முடிஞ்சிட்டே" என்பார். இரண்டும் அரைகுறைப் பேச்சு.

நம்பிக்கை: மூதூர் சண்டை நடந்த ஊர், பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கூடாது.

உண்மை: 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனம் வீடுவாசலை விட்டுக் கந்தளாய்க்கு ஓடியது. உதவிப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டதும் அப்போதுதான். ஆனால் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், மூதூருக்கு வரும் வழியில், கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. போர் மிச்சம் விட்டதில் இன்றும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பற்றைக்குள் கிடக்கும் பழைய இரும்பை, அது வெடிக்காத குண்டாக இருக்கலாம் என்பதால், எடுத்து விளையாடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள்.

நம்பிக்கை: வெளிநாட்டு அரசு எச்சரித்தால் நாடு முழுக்க ஆபத்து.

உண்மை: எந்த இடம், எந்தத் திகதி என்று பாருங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பில் குண்டுகள் வெடித்தபின் நாடு முழுவதற்கும் எச்சரிக்கை வந்தது. சில வாரங்களில் தளர்ந்தது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது அறுகம் குடாவைப் பற்றி. ஒன்றை மறக்க வேண்டாம்: உங்கள் அரசு "போகாதே" என்று சொல்லும் இடத்துக்குப் போனால் பயணக் காப்புறுதி செல்லாமல் போகலாம்.

நம்பிக்கை: சண்டை இல்லையென்றால் பயமில்லை.

உண்மை: இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 2021 நவம்பர் 23 அன்று, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் வேறொரு பாலம் கட்டி முடியாத நிலையில் ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். போர் முடிந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு. மாவிலாறு என்றால் 2006இல் அணைக்கதவை மூடியதும் சண்டை மூண்டதும்தான் நினைவுக்கு வரும். 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் மழையில், அதே மாவிலாற்றில் கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் வெள்ளம் பாய்ந்தது. ஆகவே மே முதல் செப்டம்பர் வரை வருவதே நல்லது. வடகீழ்ப் பருவமழை அப்போது இல்லை, கடலும் அடங்கியிருக்கும். அடங்கிய கடலிலும் மகாவலி வந்து விழும் முகத்துவாரப் பக்கம் பிள்ளைகளை இறக்காதீர்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏற்றவே வேண்டாம்.

நம்பிக்கை: விமான நிலையத்தில் வான் பிடித்து இரவோடு இரவாக வந்துவிடலாம்.

உண்மை: மடியில் பிள்ளை, நித்திரைத் தூக்கத்தில் சாரதி, ஹபரணைப் பக்கம் ரோட்டைக் கடக்கும் யானை. பிள்ளைக்கான ஆசனத்தை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். வானில் கட்டக்கூடிய சீட் பெல்ட் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பகலில் புறப்படுங்கள்.

நம்பிக்கை: காய்ச்சல் வந்தால் கொண்டுவந்த மருந்து போதும்.

உண்மை: 2017இல் டெங்கு கிண்ணியாவைப் படாதபாடு படுத்தியது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில். இபுபுரூபன், அஸ்பிரின் கொடுத்தால் இரத்தக்கசிவு கூடலாம். காய்ச்சல் இறங்கியதும் பிள்ளை சோர்ந்தாலோ, வயிற்றுவலி, வாந்தி என்றாலோ உடனே ஆஸ்பத்திரி. அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். அந்த எண்ணை உம்மம்மாவின், அம்மம்மாவின் ஃபோனிலும் போட்டுவையுங்கள். பகல் முழுக்கப் பிள்ளைகள் இருக்கப்போவது அவர்களிடம்தானே.