மெயிலைப் பூட்ட எந்த வழி?

ஜிமெயிலில் அனுப்பும் மெயில் வழியில் பெரும்பாலும் பாதுகாப்பாகவே போகிறது. ஆனால் சர்வரில் போய் உட்கார்ந்ததும், சேவை நடத்தும் நிறுவனத்தால் அதைப் படிக்க முடியும். ‘கான்ஃபிடென்ஷியல் மோடு’ ஃபார்வர்டு செய்வதைத் தடுக்குமே தவிர, இதை மாற்றாது. பான் கார்டு நகல், மருத்துவ ரிப்போர்ட் போன்றவற்றை அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே பார்க்க வேண்டுமென்றால், முழு என்கிரிப்ஷன் தேவை. அதற்கு மூன்று வழிகள் உண்டு. எது உங்களுக்குச் சரி என்பது எதிர்முனையில் இருப்பவரைப் பொறுத்தது.

புரோட்டான் மெயில், டூட்டா
இவை தனி மெயில் சேவைகள். மெயிலைப் பூட்டித் திறக்கும் டிஜிட்டல் சாவிகளை உருவாக்குவதும் கையாள்வதும் செயலியின் வேலை. இருவரும் ஒரே சேவையில் இருந்தால் மெயில் தானாகவே பூட்டிக்கொள்ளும். பெறுபவர் ஜிமெயிலில் இருந்தால், நீங்கள் ஒரு பாஸ்வேர்டு வைத்து அனுப்பலாம். அவருக்கு லிங்க் போகும். பாஸ்வேர்டைப் போனில் சொல்லுங்கள், இன்னொரு மெயிலில் அல்ல. டூட்டா சப்ஜெக்ட் வரியையும் பூட்டும். புரோட்டான் அப்படிச் செய்வதில்லை. எனவே அந்த வரியில் ரகசியம் எதையும் எழுதாதீர்கள்.

தண்டர்பேர்டு
இருக்கும் முகவரியை மாற்ற மனமில்லாதவர்களுக்கு இந்த மெயில் மென்பொருள் ஏற்றது. 2020இல் வந்த 78ஆம் பதிப்பு முதல் மெயிலைப் பூட்டும் ஓபன்பிஜிபி முறை இதிலேயே இருக்கிறது; தனி ஆட்-ஆன் வேண்டாம். ஆனால் எதிரில் இருப்பவரும் சாவி உருவாக்க வேண்டும், இருவரும் பிறருக்குத் தருவதற்கான பொதுச் சாவிகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், 12 பேரிடம் ஓபன்பிஜிபிக்கு மூலமான பிஜிபி மென்பொருளைக் கொடுத்து 90 நிமிடம் தந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினரால்தான் மெயிலைச் சரியாகப் பூட்டி அனுப்ப முடிந்தது. சிலர் ரகசியத்தைப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டார்கள். இன்றைய திரைகள் எளிமையானவை. ஆனாலும் சாவி பரிமாற்றம் உங்கள் பொறுப்புதான்.

எஸ்/மைம்
அவுட்லுக், ஆப்பிள் மெயில் இரண்டிலும் இந்தப் பூட்டும் முறை உண்டு. இதற்கு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். அலுவலக ஐடி பிரிவு அதை அமைத்துத் தந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தனி ஆளாக இதில் இறங்குவது வீண் அலைச்சல்.

எதை எடுப்பது?
குடும்பத்தார், ஆடிட்டர், வக்கீல் என்றால் முதல் வழி. தொழில்நுட்பம் பழகிய நண்பர்கள் என்றால் இரண்டாவது. அலுவலகமே அமைத்துத் தந்தால் மூன்றாவது.

எதை எடுத்தாலும், முதல் மெயிலுக்கு முன்பே மீட்பு வழியைத் தயார் செய்யுங்கள். தண்டர்பேர்டில், மெயிலைத் திறக்கும் உங்கள் தனிச் சாவியை பேக்கப் எடுத்து பென்டிரைவில் வையுங்கள். புரோட்டானில் மீட்புச் சொற்றொடரைத் தாளில் எழுதி வையுங்கள். சாவி தொலைந்தால், பழைய மெயில்களை எந்த கஸ்டமர் கேரும் திறந்து தர முடியாது.