உருண்டையும் ஒற்றைத் தாளும்

தட்டையான தாளொன்றை உருண்டையின்மேற் சுருக்கமின்றி ஒட்டுதல் இயலுமா? தமிழாசிரியராகிய எமக்கு இவ்வினாவோடு யாது தொடர்பு என அன்பர்கள் வினவக்கூடும். பாடசாலைக் கண்காட்சியொன்றின் பொருட்டு மாணவர் சிலர் உலகப்படத்தைப் பந்தொன்றின்மேல் ஒட்ட முயன்றனர். மத்தியகோட்டின் அருகே தாள் நன்கு படிந்தது. முனைவுகளை நெருங்க நெருங்க மடிப்புகள் மலிந்தன. அவ்வழியே சென்ற யாம், "பசையை நிறையப் பூசி அழுத்தித் தேயுங்கள்" என்றோம். தாள் கிழிந்தது. எமது அறியாமையால் அவர்தம் இரண்டு நாள் உழைப்பு வீணாயிற்று. கணித ஆசிரியரை அணுகி யாம் பின்னர்க் கற்றதை ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் இடர் யாதெனக் காண்போம். சுற்றளவு 36 சதமமீற்றர் உள்ள பந்தொன்றைக் கொள்க. அதனை மூடும் செவ்வகத் தாள் 36 சதமமீற்றர் நீளமும், முனைவு தொட்டு முனைவு வரை 18 சதமமீற்றர் உயரமும் உடையதாதல் வேண்டும். 60 பாகை அகலக்கோட்டிலே பந்தின் சுற்று 18 சதமமீற்றர் மட்டுமே; தாளோ அங்கும் 36. முனைவிலே பந்து ஒரு புள்ளி. தாளோ ஆண்டும் 36. எஞ்சிய தாள் எங்ஙனம் ஒளியும்? மடிப்பாகவே எழும்.

இது கைத்திறனின் குறையன்று, வடிவத்தின் இயல்பு. பரப்பொன்றை நீட்டாமலும் சுருக்காமலும் வளைத்தால் அதன் உள்ளார்ந்த வளைவு மாறாதென்பதைக் கணித மேதை கவுசு 1827ஆம் ஆண்டில் நிறுவினார். தாளில் வரைந்த முக்கோணத்தின் கோணங்கள் கூடி 180 பாகையாகும். உருண்டையிலோ, வடமுனைவிலிருந்து மத்தியகோட்டுக்கு இறங்கி, அதன்வழியே காற்பங்கு சென்று, மீண்டும் முனைவை அடைந்தால் மூன்று செங்கோணங்கள், அஃதாவது 270 பாகை, கிடைக்கும். இவ்விரு பரப்புகளும் ஒன்றாதல் எவ்வாறு?

ஆயினும், கவுசுக்கு முன்னரே கைவினைஞர் ஒரு வழி கண்டிருந்தனர். தோடம்பழச் சுளைபோலத் தாளைப் பல கீற்றுகளாக்கி ஒட்டுவதே அவ்வழி. 1507இல் வால்ட்சீமுல்லர் 12 கீற்றுகளாக உலகை அச்சிட்டார். 1541இல் மேக்காற்றர் தம் கோளத்துக்கு 12 கீற்றுகளை 70 பாகையோடு நிறுத்தி, முனைவுகளை வட்டத் தாள்களால் மூடினார். முனைவிலே பன்னிரண்டு கூர்நுனிகளைப் பொருத்தும் தொல்லை இதனால் ஒழிந்தது.

நமது பந்துக்குக் கீற்றொன்றின் அகலம் மத்தியகோட்டில் 3 சதமமீற்றர். பிறவிடங்களில் அதனை அகலக்கோட்டின் கோசைனாற் பெருக்குக. 30 பாகையில் 2.6, 45இல் 2.1, 60இல் 1.5, 75இல் 0.8 எனக் குறித்து, புள்ளிகளை வளைகோட்டால் இணைத்து வெட்டுக.

இதிலும் சிறு பிழை உண்டு. கீற்றின் நடுக்கோடு 18 சதமமீற்றர். வளைந்த விளிம்போ ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் மிகும். பசையில் நனைந்த தாள் சற்றே நெகிழ்ந்து இதனை ஏற்கும். 24 கீற்றுகளாயின் மிகை ஒரு மில்லிமீற்றரிலும் குறையும். பிழை அழியவில்லை, கண்ணுக்குப் புலப்படாதவாறு பகிரப்பட்டது.

இன்று கணினித் திரையில் உருண்டைக்குப் படம் போர்த்துவோரும் இக்கணக்கையே கைக்கொள்வர். உயரத்தைப்போல் இருமடங்கு அகலமுள்ள படத்தில், முனைவை அடுத்த உருவங்களை முன்னரே பக்கவாட்டில் விரித்து வரைவர். 60 பாகையில் வட்டமாகத் தோன்ற வேண்டிய சிறு புள்ளியை இருமடங்கு அகலமாக வரைதல் வேண்டும். போர்த்தும்போது அது சுருங்கி வட்டமாகும்.

மாணவர்காள்! இவ்வறிவு கண்காட்சிக்கு மட்டும் உரியதன்று. மேக்காற்றர் 1569இல் அமைத்த எறியத்திலே கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையில் ஆபிரிக்கா அதனைப்போல் ஏறக்குறைய 14 மடங்கு பெரிது. தட்டையான படம் எதுவாயினும், எதனை மெய்யாகக் காட்டுகிறது, எதனைத் திரிக்கிறது என வினவிய பின்னரே நம்புக.

அம்மாணவர் பின்னர்ப் பன்னிரு கீற்றுகள் வெட்டி ஒட்டினர். உலகம் செவ்வனே படிந்தது. இம்முறை யாம் அறிவுரை கூறவில்லை. பசைக் கிண்ணத்தை மட்டும் ஏந்தி நின்றோம்.