டீக்கு எழுந்து போவது குற்றமா?

கேள்வி: அலுவலகத்தில் காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் கீழே போய் டீ குடித்துவிட்டு வருவோம். புது மேலாளர் முகம் சுளிக்கிறார். இருக்கையிலேயே போன் பார்ப்பவர்களை ஒன்றும் சொல்வதில்லை. இது நியாயமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நியாயமில்லை. மனிதருக்கு இடைவெளி வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் நடுவே 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஆனால் அது சாப்பாட்டு நேரத்துக்கே போய்விடும். டீ நேரம் அலுவலக வழக்கத்தைப் பொறுத்தது.

போன் பார்ப்பவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். இருக்கையில் இருந்தபடியே பொழுதுபோக்குவது அலுவலகங்களுக்குப் புதிதல்ல. 1990-இல் விண்டோஸ் 3.0-வோடு சாலிட்டேர் சீட்டாட்டம் வந்தது. அதை எழுதிய வெஸ் செர்ரி, மேலதிகாரி வந்தால் போலிக் கணக்குத்தாளைக் காட்டும் விசை ஒன்றையும் சேர்த்திருந்தார். மைக்ரோசாஃப்ட் அதை நீக்கச் சொல்லிவிட்டது. ஒளித்துச் செய்யும் பொழுதுபோக்கில் மனம் இளைப்பாறுவதில்லை, பயந்துகொண்டே இருக்கிறது. போனும் அப்படித்தான், கண்ணுக்குத் திரை மாறுகிறதே தவிர ஓய்வு கிடைப்பதில்லை. டீக்கடையிலோ கால் நடக்கிறது, கண் தூரத்தைப் பார்க்கிறது, பக்கத்து மேசைக்காரரின் வீட்டுக் கவலை காதில் விழுகிறது. முடங்கிக் கிடந்த வேலைக்கு வழி பிறப்பதும் பல நேரம் அங்கேதான்.

மேலாளரிடம் நேரம் குறித்து வெளிப்படையாகப் பேசுங்கள். பத்து நிமிடம் என்றால் பத்தே நிமிடத்தில் திரும்புங்கள். முடிந்தால் ஒருநாள் அவரையும் டீக்கு அழையுங்கள்.