கட்டடக் கழிவு வரைபடத்திலேயே தொடங்குகிறது

கடையைப் புதுப்பிக்கும்போதும் கிடங்கு கட்டும்போதும் சிமெண்ட், செங்கல், கம்பி மூன்றையும் நாம் பேரம் பேசித்தான் வாங்குகிறோம். வேலை முடிந்ததும் வாசலில் குவியும் கல்லும் காரையும் துண்டுக் கம்பியும் அதே காசுக்கு வாங்கிய சரக்குதான். அதை அள்ளிப்போக வண்டி வாடகையும் நம் கையிலிருந்துதான் போகிறது. இந்த நட்டத்தின் பெரும்பகுதியை, வரைபடம் போடும்போதே தவிர்க்கலாம்.

திருச்சி வியாபாரிகளுக்குக் கள்ளிக்குடி தெரிந்த கதை. சுமார் 77 கோடி ரூபாயில் கட்டிய மத்திய வணிக வளாகம் 2017-ல் திறக்கப்பட்டது. கடைகள் சிறியவை, இடம் தூரம் என்று காந்தி மார்க்கெட் வியாபாரிகள் அங்கே போகவில்லை. வளாகம் ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது. பயன்படுத்துபவரைக் கேட்டு அளவு வைக்காத கட்டடம் முழுவதுமே வீண் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நம் சிறு கடைக்கும் இதுவே பாடம். கம்பி வழக்கமாக 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. 4 மீட்டர் துண்டாக வெட்டினால் மூன்று கிடைக்கும், மிச்சமில்லை. நாலரை மீட்டர் என்றால் இரண்டுதான். 3 மீட்டர் நிற்கும். அப்படி நூறு துண்டு வெட்டினால் 150 மீட்டர் மிஞ்சும். 12 மில்லிமீட்டர் கம்பியில் அது சுமார் 133 கிலோ! வெட்டும் முன்பே பட்டியல் போட்டால் அந்த மிச்சத்தை லிண்டலுக்கும் சன்ஷேடுக்கும் ஒதுக்கலாம்.

பலகையிலும் அப்படியே. எட்டுக்கு நாலடி பிளைவுட்டில் 18 அங்குல அகலத் தட்டு இரண்டுதான் வரும், ஓரடி வீணாகும். 16 அங்குலத்துக்குச் சற்றுக் குறைத்தால் மூன்று வரும். குளிர்பெட்டி எங்கே, தராசு எங்கே, மூட்டை இறக்கும் வழி எது என்று முதலிலேயே முடிவு செய்தால், பூசிய சுவரை ஒயருக்காக மறுபடி கொத்த வேண்டியதில்லை.

பழைய கட்டடத்தை இடிக்கும்போது மரம், கம்பி, முழுச் செங்கல், காரை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து வைக்க வேண்டும். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளின் தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் வாங்க ஆள் உண்டு. உடைந்த செங்கல் தரை நிரப்ப உதவும். எல்லாம் கலந்துவிட்டால் எதற்கும் ஆகாது. சித்திரை வீதி, உத்திர வீதி போன்ற இடங்களில் குவித்தால் நடைபாதை அடையும், சாக்கடையும் அடையும். மத்திய அரசு 2016-ல் வெளியிட்ட கட்டடக் கழிவு விதிகளும் பிரித்து வைக்கச் சொல்லின. தெருவில் குவிப்பதைத் தடுத்தன.

சரக்கு எடுக்கும் முன் இருப்பைப் பார்ப்பது நம் வழக்கம். கடைக்கால் தோண்டும் முன் பொறியாளரும் கொத்தனாரும் நாமும் ஒரு நாள் உட்கார்ந்து அளவுகளைச் சரிபார்ப்பதும் அதே வழக்கம்தான். அந்த ஒரு நாளுக்குச் செலவும் இல்லை.