மின்சார வயரும் டெலிபோன் வயரும் ஒரே பைப்பில் போகலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் பூர்வீக வீடு முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று நீளமாகப் போவது. பழைய மரக்கட்டை வயரிங்கை எடுத்துவிட்டுப் புதிதாகப் பைப் வயரிங் செய்கிறோம். சுவரை இரண்டு இடத்தில் வெட்டுவானேன், டெலிபோன் வயரையும் கரண்ட் பைப்பிலேயே இழுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். போனில் ஏற்கெனவே ஓர் இரைச்சல் உண்டு. இன்வெர்ட்டர் ஓடும்போது அது அதிகமாகிறது. அவர் சொல்கிறபடி செய்யலாமா?
— ஒரு வாசகர், ராயவரம்

பதில்: செய்யக் கூடாது. உங்கள் செலவையும் சிரமத்தையும் எண்ணி அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தச் சிக்கனம், இரைச்சல் என்னும் சிறிய உபத்திரவத்தை நிரந்தரமாக்குவதோடு நில்லாமல், உயிர்ச்சேதம் என்னும் பெரிய அபாயத்துக்கும் இடம் வைத்துவிடும்.

அபாயத்தை முதலில் சொல்கிறேன். வீட்டில் ஓடுவது 230 வோல்ட் மின்சாரம். டெலிபோன் வயரிலோ, எக்ஸ்சேஞ்சிலுள்ள பாட்டரியிலிருந்து வரும் 48 வோல்ட் நேர்மின்சாரமும், மணி அடிக்கிற சமயத்தில் மட்டும் ஏறக்குறைய 75 வோல்ட் மாறுமின்சாரமுமே இருக்கும். அதன் மேலுறை அந்த அளவுக்குப் போதுமானதாகச் செய்யப்பட்டதே தவிர, வீட்டு மின்சாரத்தைத் தாங்க வேண்டும் என்ற உத்தேசத்தோடு செய்யப்பட்டதன்று. ஒரே பைப்பில் இழுக்கும்போது ஏற்படும் உராய்விலோ, பிற்காலத்தில் எலி கடித்தோ, பளு மிகுந்து சூடேறியோ, கரண்ட் வயரின் உறை ஓரிடத்தில் பிய்ந்துபோகுமானால், அந்த மின்சாரம் டெலிபோன் வயரில் ஏறி, ரிசீவரை எடுக்க வரும் வீட்டுப் பெரியவரிடத்துக்கும், தெருமுனைக் கம்பத்தின்மேல் ஏறி, டெலிபோன் கம்பிதானே என்ற நம்பிக்கையோடு வெறுங்கையால் இணைப்பைச் சரிசெய்துகொண்டிருக்கும் லைன்மேனிடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் வீட்டுச் சுவருக்குள் நடந்தது அந்த மனிதருக்குத் தெரிய நியாயமில்லை. வேறு காரணமே இல்லாவிட்டாலும் இந்த ஒரு காரணம் போதும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருந்தால் நல்லதுதான், அது இருக்கிறதென்ற தைரியத்தில் இரண்டு வயரையும் ஒரே பைப்பில் விடுவது முறையாகாது. ஒரே ஜங்ஷன் பாக்ஸுக்குள்ளும், ஒரே சுவிட்ச் போர்டுக்குள்ளும் தடுப்பில்லாமல் இரண்டையும் கொண்டுவருவதும் அப்படியே தவறு.

இனி இரைச்சல். மாறுமின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி மின்புலமும் காந்தப்புலமும் உண்டாகி, பக்கத்தில் இணையாகச் செல்லும் வேறொரு கம்பியில், தொடாமலே சிறிதளவு மின்சாரத்தைத் தூண்டிவிடும். இரண்டும் எவ்வளவு நெருக்கமோ, எவ்வளவு தூரம் சேர்ந்து ஓடுகின்றனவோ அவ்வளவுக்குத் தொல்லையும் அதிகம். ஆகையால் சிறிய வீட்டில் காதில் விழாத இரைச்சல், உங்களுடையதைப் போல நீண்ட வீட்டில் தெளிவாகக் கேட்கும். இந்தத் தூண்டலைச் சட்டமே கவனித்திருக்கிறது: மின்பாதை அமைப்பவர்கள் தந்தி, டெலிபோன் கம்பிகளைத் தூண்டலாலோ வேறு விதத்தாலோ பாதிக்காதபடி அமைக்க வேண்டுமென்று 1910-ஆம் வருஷத்து இந்திய மின்சாரச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு விதித்தது, இப்போதுள்ள 2003-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 160-ஆம் பிரிவும் அதையே விதிக்கிறது.

இதற்குப் பரிகாரமாக, டெலிபோனைக் கண்ட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லே 1881-இல் டெலிபோன் வயரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி விடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முறுக்கிய ஜோடியில் இரண்டு கம்பிகளும் மாறிமாறி மின்சார வயருக்கு அருகே வருவதால், தூண்டல் இரண்டிலும் சமமாக ஏறுகிறது; டெலிபோன் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மாத்திரமே ஒலியாக்குவதால், சமமாக ஏறியது காதுக்கு எட்டுவதில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தட்டையான, முறுக்கில்லாத வயரில் இந்தப் பாதுகாப்பு இல்லை. முறுக்கிய ஜோடி வயரையே கேட்டு வாங்குங்கள்.

இன்வெர்ட்டர் ஓடும்போது இரைச்சல் ஏன் கூடுகிறது என்பதற்கும் தக்க காரணம் உண்டு. டெலிபோனில் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளே செல்லும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதற்குக் கீழே நின்றுவிடும். ஆனால் சதுர அலை இன்வெர்ட்டரும், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் அலையின் வடிவத்தை வெட்டிவிடுவதால், 350, 450, 550 என்று 50-இன் மடங்குகளான அதிர்வுகள் பிறந்து, டெலிபோனின் எல்லைக்குள் நுழைந்துவிடுகின்றன. சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். எதற்கும், மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. நிற்காவிட்டால், வயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே கருவியை மாட்டிப் பாருங்கள். அங்கும் கேட்டால் பழுது வெளி லைனில்.

மின்சார வயருக்கும் டெலிபோன் வயருக்கும் இடையே குறைந்தது 50 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டுமென்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விதிகள் சொல்கின்றன. நீண்ட தூரம் இணையாகப் போகிற இடங்களில் ஓர் அடியாவது விடுங்கள் என்பேன் நான். குறுக்கே கடக்க நேர்ந்தால் நேர்செங்கோணமாகக் கடக்கட்டும்.

அதற்காகச் சுவரை மறுபடி வெட்டவும் வேண்டாம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துக் கண்ணாடிபோல் பளபளக்கப் பூசிய உங்கள் ஊர்ச் சுவர்களை, அப்படிப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவரும் இக்காலத்தில், ஒரு வயருக்காகப் பிளப்பது பெரிய நஷ்டம். மின்சாரப் பைப் செல்லும் சுவருக்கு எதிர்ச்சுவரில், உத்தரத்தை ஒட்டியோ தரையோரமாகவோ ஒரு சிறிய பி.வி.சி. பட்டைக்குள் டெலிபோன் வயரைக் கொண்டுபோகலாம். ஆகிற செலவு சொற்பம்.

கேள்வி: எங்கள் தெருவில் இன்டர்நெட் ஃபைபர் கேபிளை மின்கம்பத்திலேயே கட்டியிருக்கிறார்கள். கண்ணாடி இழையில் கரண்ட் பாயாது என்பதால் பயமில்லைதானே?
— ஒரு வாசகர், அறந்தாங்கி

பதில்: கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, தூண்டலும் ஏறாது என்பது உண்மையே. ஆனால் அந்த இழை தொய்யாமல் இருக்கச் சில கேபிள்களில் எஃகுக் கம்பியைச் சேர்த்திருப்பார்கள். அதில் மின்சாரம் தாராளமாகப் பாயும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் உங்கள் ஜில்லாவில் எத்தனை மின்கம்பங்களைச் சாய்த்ததென்று கண்ணால் கண்டவர் நீங்கள். அப்படிச் சாயும்போது மின்கம்பி கேபிளின்மேல் பட்டுவிடலாம். ஆகவே தொங்கும் கேபிள் எதுவானாலும் கையால் தொடாமல், கோலால் ஒதுக்கவும் முயலாமல், குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் விலக்கி நிறுத்திவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குத் தெரிவியுங்கள்.