ஆறாவது பல்

பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பராமரிக்கவெனத் தனியாகத் தாதியரைப் பயிற்றும் முறை 1921இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் தொடங்கியது. மகரகமவில் பயிற்சி பெற்ற நமது பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களும் இம்மரபில் வந்தவர்களே. இத்தொழிலுக்குப் புதிதாக வரும் மாணவர் கருவியை எடுக்குமுன் கற்கவேண்டியவை மூன்று.

1. எண்ணுதல்: பாற்பற்கள் 20, நிலையான பற்கள் 32. ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பாற்பல்லும் விழாமலே, அவற்றின் பின்னால் முதலாவது நிலையான கடைவாய்ப் பல் முளைக்கிறது. பெற்றோர் பலர் இதையும் பாற்பல்லென்று எண்ணி, "விழுந்து முளைக்கும்தானே" என்று விட்டுவிடுகின்றனர். சூத்தையாகி அதைப் பிடுங்கினால் அவ்விடத்தில் வேறு பல் முளைக்காது.

2. பழகுதல்: சொல்லுதல், காட்டுதல், செய்தல் என்பதே ஒழுங்கு. சிறு கண்ணாடியை முதலில் பிள்ளையின் கையிலேயே கொடுக்கவேண்டும். ஒருமுறை மிரண்ட பிள்ளை வலி வந்தாலும் சொல்லாது.

3. காரணம் அறிதல்: வாயிலுள்ள பக்டீரியாக்கள் சீனியை அமிலமாக்குகின்றன, அமிலம் பல்லின் மேற்படையான மிளிரியைக் கரைக்கிறது. அடிக்கடி இனிப்புத் தின்றால் பல் தேறுவதற்கு நேரமில்லை. காலையிலும் படுக்குமுன்னும் புளோரைட்டு உள்ள பற்பசையால் துலக்கவேண்டும்.

செய்து பாருங்கள்: ஏழு வயதுப் பிள்ளையொன்றின் கீழ்த்தாடையில், நடுவிலிருந்து ஒரு பக்கமாகப் பின்னோக்கி எண்ணுங்கள். விழுந்த பல்லின் இடத்தையும் சேருங்கள். ஆறாவதாக இருப்பது ஆயுளுக்கும் உரிய பல். அதில் கரும்புள்ளி தெரிந்தால் வலி வரும்வரை காத்திராமல் பற்சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.