மெஷினுக்கு லட்சங்கள், கிரைண்டருக்கு மிச்சமா?

நம்பிக்கை: எஸ்பிரெசோ மெஷின் நன்றாக இருந்தால் போதும், கிரைண்டர் எதுவானாலும் சமாளிக்கலாம்.

கஃபே திறக்கிறவர்களில் பலர் இப்படித்தான் பட்ஜெட் போடுகிறார்கள். மெஷின் தருவது சூடும் அழுத்தமும்தான். அந்தத் தண்ணீர் தூளுக்குள் எப்படி இறங்கும் என்பது அரைப்பைப் பொறுத்தது. மாவும் குருணையுமாகத் தூள் விழுந்தால் ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வரும். எந்த மெஷினாலும் அதைத் திருத்த முடியாது. கை கடித்தால் மெஷினில் ஒரு படி இறங்குங்கள், கிரைண்டரில் வேண்டாம்.

நம்பிக்கை: மணிக்கு எத்தனை கிலோ என்று பார்த்து வாங்கலாம்.

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். நாளொன்றுக்கு 200 ஷாட், ஷாட்டுக்கு 18 கிராம் என்றால் 3.6 கிலோ. மணிக்கு 10 கிலோ அரைக்கிற கிரைண்டருக்கு இது அரைமணி வேலைகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 200 பேரும் நாள் முழுக்கப் பரவி வருவதில்லை. ஆபீஸ்கள் சூழ்ந்த இடமென்றால் காலை ஒரு மணி நேரத்திலேயே 70 பேர் வரிசையில் நிற்பார்கள். கிரைண்டர் ஒரு டோஸுக்கு 15 விநாடி எடுத்தால் பாரிஸ்டா, தூள் பிடிக்கும் போர்ட்டாஃபில்டரை ஏந்தியபடி காத்து நிற்க வேண்டியதுதான். 5 விநாடியில் முடிந்தால் அதற்குள் பாலை நுரைக்கத் தொடங்கியிருப்பார். எஸ்பிரெசோ பதத்தில் 18 கிராமுக்கு எத்தனை விநாடி என்று விற்பவரிடம் கேளுங்கள். விடாமல் 30 டோஸ் அரைக்கச் சொல்லி, முதலாவதையும் கடைசியையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: மெதுவாகச் சுற்றும் கிரைண்டர் சூடாகாது, அதனால் சுவை கெடாது.

பாதி உண்மை. மெதுவாகச் சுற்றுவது ஒவ்வொரு டோஸுக்கும் கூடுதல் நேரம் ஓடவும் கூடும். சூட்டைவிடத் தொல்லை தருவது சூடு ஏறி இறங்குவது. அரைக்கும் பற்தகடுகளான பர்கள் சூட்டில் விரியும், இடைவெளி மாறும். காலையில் வைத்த செட்டிங் பதினோரு மணிக்கு உதவாது. அதனால்தான் இத்தாலியின் நுவோவா சிமொனெல்லி தன் மித்தோஸ் ஒன் கிரைண்டரில் விசிறியோடு ஹீட்டரையும் சேர்த்தே வைத்தது: சூட்டை ஒரே அளவில் நிறுத்த. கொட்டையின் சூடும் அரைப்பை மாற்றும். குளிர்ந்த கொட்டை இன்னும் சீராக உடைகிறது என்று 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. மெஷினின் அனல் படும் இடத்தில் கொட்டைப் பையை வைக்காதீர்கள்.

நம்பிக்கை: போட்டிகளில் பெயர் வாங்கிய கிரைண்டர்தான் சிறந்தது.

2013 உலக பாரிஸ்டா போட்டியில் மேட் பெர்கர் பயன்படுத்தியதால் 98 மி.மீ. பர் கொண்ட மால்கூனிக் ஈகே43 உலகப் புகழ் பெற்றது. அருமையான கிரைண்டர். ஆனால் போட்டியில் போடுவது 15 நிமிடத்தில் 12 பானம். ஈகே43-ல் ஒவ்வொரு டோஸையும் கையால் நிறுத்துப் போட வேண்டும். நெரிசல் நேரத்து எஸ்பிரெசோவுக்கு அது தோதுப்படாது.

நம்பிக்கை: அரிசி போட்டு ஓட்டினால் சுத்தமாகிவிடும்.

வேண்டவே வேண்டாம். வறுத்த காபிக் கொட்டையைவிடப் பச்சையரிசி கடினமானது. மோட்டார் திணறும், அரிசி மாவு உள்ளேயே தங்கும். மேல் பர்ரைக் கழற்றி, ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். அப்போதே விரல் நுனியால் பற்களின் விளிம்பைத் தடவுங்கள். வழுவழுவென்றிருந்தால் மாற்றும் வேளை வந்துவிட்டது. 64 மி.மீ. எஃகு பர் சில நூறு கிலோவில் மழுங்கிவிடும். நாளொன்றுக்கு 3.6 கிலோ அரைத்தால் மூன்று மாதத்திலேயே 300 கிலோ தாண்டும். ஒரு ஜோடி பர் என்ன விலை, இங்கேயே ஸ்டாக் இருக்கிறதா, வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமா என்பதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.